பட்டு வைத்த அறை

மலையிலிருந்து காற்று இறங்கினால் ஏலக்காய் மணக்கும், கீழேயிருந்து ஏறினால் இலவம்பஞ்சு பறக்கும், காற்றே இல்லாத நாளில் மாமியார்கள் மருமகள்களைக் குறை சொல்வது கேட்கும் என்று மேலச்சுனையைப் பற்றிப் பக்கத்து ஊர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். கேலிதான், ஆனால் பொய்யில்லை. ஏலக்காய் பொறுக்கும் கூடத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, முறத்தை மடியில் வைத்து, வாய் பிளந்த காயை ஒருபக்கமும் பச்சை மாறாத காயை ஒருபக்கமும் ஒதுக்கும்போது, கை காயைப் பிரிக்கும், வாய் மருமகளைப் பிரிக்கும். ஒருத்தி மருமகள் உப்பை அள்ளிக் கொட்டுகிறவள், ஒருத்தி மருமகள் வெயில் ஏறித்தான் எழுகிறவள், இன்னொருத்தி மருமகள் எழுவதே செல்போன் கூப்பிடுவதால்தான்.

அந்த வட்டத்தில் வேலுத்தாய் மட்டும் வாய் திறக்கமாட்டாள். திறந்து என்ன சொல்ல? அவளுடைய ஒரே மகன் சுருளிவேல் வாசல்நிலை உயரத்துக்கு வளர்ந்து, மீசை வைத்து, அழகாக இருந்தான். ஆனால் அவனுக்குப் பேச்சு வரவில்லை, உலகம் அவனுக்கு மட்டும் பலமடங்கு சத்தமாகக் கேட்டது. பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொள்வான். வெடிச் சத்தம் கேட்டால் சுவரில் நெற்றியை மோதுவான். அப்போது அவனை நிறுத்த ஊரில் ஒரே வழிதான் இருந்தது. வேலுத்தாய் ஓடிவந்து, நாள் முழுக்க ஏலக்காய் பொறுக்கிய தன் உள்ளங்கையை அவன் முகத்தருகே நீட்டுவாள், அவன் கன்றுக்குட்டி மாதிரி அதில் மூக்கைப் புதைத்து மோந்து மோந்து, மூச்சு சீராகி, அப்படியே கீழே உட்கார்ந்துவிடுவான். அந்த ஒரு கைக்காகவே அவள் உயிரோடிருந்தாள்.

அவனுக்கு யாரும் பெண் கொடுக்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்திருந்தும், அவள் வயதுக்காரிகள் எல்லாரும் மருமகளுக்குப் பட்டு எடுக்கப் போனபோது, சும்மா துணைக்கு என்று கூடப் போனவள், மாங்காய்க் கரை போட்ட அரக்குப் பட்டு ஒன்றை எடுத்து வந்து, வேப்பிலை போட்டுத் தகரப் பெட்டிக்குள் ஒளித்துவிட்டாள். அதை எடுத்துத் தடவிப் பார்க்கிற நாட்களில் ஊரிலிருக்கிற எல்லாப் பெண்கள் மேலும் அவளுக்குப் பொறாமையாக வரும். மருமகளிடம் அடி வாங்கியவள் மேல்கூட.

இப்படி இருக்கையில்தான் கடற்கரைப் பக்கத்திலிருந்து பெனடிக்டா டீச்சர் வந்தார். சுருளி மாதிரியானவர்களுக்காகப் பழைய நெல் கிட்டங்கியில் நடந்துகொண்டிருந்த பகல்நேர மையத்துக்கு அவர்தான் இனிமேல் பொறுப்பு. சின்ன வயசு, மெல்லிய குரல். வந்தவர் ஊர்க் கூட்டத்தில் எழுந்து, "நம்ம பிள்ளைகளுக்கும், வளர்ந்தவங்களுக்கும், வயசானவங்களுக்கும் ஒரு அறை வேணும்" என்றார். கூசாத வெளிச்சம், கத்தாத சத்தம், தொட்டுப் பார்க்க, மோந்து பார்க்க, ஆட, அமிழ ஏதாவது இருக்கிற அறை. வெளியுலகம் தாங்காதவர்கள் போய் உட்கார்ந்து தங்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிற இடம்.

ஊருக்கு அது பாதி புரிந்தது. ஆனால் ஓர் இடத்துக்குச் சாமான் வேண்டும் என்றால் என்ன செய்வது என்பது முழுசாகப் புரியும். பள்ளிக்கூடத்துக்கு நாற்காலியும் பீரோவும் அப்படித்தான் போயின. "சீர் எடுத்துருவோம்" என்றார்கள்.

எடுத்தார்கள். மெத்தை தைக்கிறவர்கள் தரை முழுக்கப் பரப்ப இலவம்பஞ்சு மெத்தை கொண்டுவந்தார்கள். புளியங்கொட்டையை உள்ளே விட்டுக் கட்டம் கட்டமாகத் தைத்த கனத்த போர்வை வந்தது. போர்த்தினால் யாரோ அணைத்துப் பிடித்த மாதிரி இருக்கும். துணி ஊஞ்சல் வந்தது. பீர்க்கங்கூடு, தேங்காய் நார், வெல்வெட்டு, உப்புத்தாள், வளைந்த தகரம் எல்லாம் ஒட்டிய பலகை வந்தது, சுவரில் மாட்டிக் கையால் தடவ. நூல் நூலாக வெளிச்சம் கசிகிற விளக்கும், தண்ணீருக்குள் குமிழி ஏறிக்கொண்டே இருக்கிற கண்ணாடித் தூணும் மதுரையிலிருந்து வைக்கோல் சுற்றி வந்தன. எல்லாவற்றையும் தாம்பாளத்திலும் தலையிலும் ஏற்றி, மேளத்துக்காரரை முன்னால் விட்டுக் கிளம்புகிற நேரத்தில், ஊரில் எந்தச் சீர் போனாலும் முன்னால் நடக்கிற பிச்சையம்மா தட்டுகளை எண்ணிப் பார்த்துத் தலையில் கை வைத்தாள்.

"ஆத்தாடி, ரெட்டப்படையா இருக்கு. ஏய் வேலுத்தாயி, நீ வெறுங்கையோடதான நிக்கிற? ஓடிப்போயி எதையாவது ஒரு தட்டுல வச்சுக் கொண்டாடி!"

"எங்கிட்ட என்ன மதினி இருக்கு?"

"இருக்கிறதக் கொண்டா. ரெட்டப்படையில சீர் போனா ஊர் சிரிக்கும்."

வேலுத்தாய் ஓடினாள். வீட்டில் தேடினாள். சீர்த் தட்டில் வைக்க லாயக்கானது அந்தத் தகரப் பெட்டிக்குள் இருந்ததுதான். இனி யாருக்கு என்று நினைத்தாளோ என்னவோ, பட்டை எடுத்தாள். வெறும் பட்டைத் தட்டில் வைக்கக் கூடாதே என்று மஞ்சள், குங்குமம், வளையல், முழம் பூ வைத்தாள். கடைசியாக வந்தவள் வழி விடச் சொல்லிச் சொல்லி முன்னால் வந்துவிட, அவளே முதலில் அறை வாசலை மிதிக்கும்படி ஆயிற்று. தட்டில் பட்டைப் பார்த்த தவில்காரர் கைப்பழக்கத்தில் கெட்டிமேளத்துக்குப் போய்விட்டார். கெட்டிமேளம் கேட்டதும் கூட்டம் கைப்பழக்கத்தில் பூவை அள்ளி உள்ளே வீசியது. உள்ளே, மேளச் சத்தத்துக்குப் பயந்து முதல் ஆளாக ஓடிப்போய்க் காதைப் பொத்தி நின்றிருந்த சுருளி தலையில் பாதி விழுந்தது, வெறும் சுவரில் பாதி விழுந்தது.

பட்டை என்ன செய்வது என்று தெரியாத டீச்சர், மொட்டையாகத் தெரிந்த அந்தச் சுவரில் அதை விரித்துத் தொங்கவிட்டார். அதோடு சீர் முடிந்தது.

மறுநாள் காலையில் டீச்சர் கதவைத் திறந்தபோது அறை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

பெரிய மூச்சில்லை. தூங்கி எழுந்து இன்னும் யாரோடும் பேசாத பெண்ணின் மூச்சு. சுவரில் கை வைத்தால் சோறு வடித்த பாத்திரத்தின் வெளிப்பக்கம் மாதிரி இதமான சூடு. வாசலில், யாரும் போடாத சின்னப் புள்ளிக் கோலம் ஒன்று, புது இடத்தில் கூச்சத்தோடு போட்ட மாதிரி ஓரமாகக் கிடந்தது. டீச்சர் அதை மிதிக்காமல் சுற்றிப் போனார். அன்று அங்கே யார் உட்கார்ந்தாலும் மெத்தை அந்த ஆளின் அளவுக்குக் குழிந்து மடியானது. தரையில் கால் ஊன்றவே பயந்து அம்மா இடுப்பிலேயே வளர்ந்த ஒரு பெண்குழந்தை இறங்கி நடந்து போய்க் கண்ணாடித் தூணைக் கட்டிக்கொண்டது. ஓய்வு பெற்று, நினைவு தப்பி, பஸ் ஸ்டாண்டில் போகிறவர் வருகிறவரை எல்லாம் டிக்கெட் கேட்டுக்கொண்டிருந்த பரமன் கண்டக்டருக்கு, அறை மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறுகிற பஸ் மாதிரி மெதுவாகக் குலுங்கிக் கொடுத்தது. அவர் "ரைட், ரைட்" என்று முனகிக்கொண்டே குழந்தை மாதிரித் தூங்கினார்.

ஊர் இதற்கெல்லாம் அசரவில்லை. சீர் வாங்கியவள் சும்மாவா இருப்பாள் என்றார்கள். அவர்களுடைய யோசனையெல்லாம் வேறு. செருப்பை வாசலில் விடுவதா, கோலத்துக்கு முன்னாலேயே விடுவதா? நீளம் அகலம் அளக்க வந்த ஓவர்சியர், காலையில் எடுத்த அளவை விட மத்தியானம் அறை ஒரு சாண் பெருத்திருக்கிறது என்று குழம்ப, "சாப்பிட்டிருப்பா, நாளைக்கு வெறும் வயித்துல அளங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமைகளில் சுவர் முழுக்க ஈரம் பொடித்து, கொஞ்சம் தாமதமாகத்தான் கதவு திறக்கும். தலைக்குக் குளிக்கிறாள் என்று காத்திருந்தார்கள். மல்லிகை கொண்டு போனால் மணம் அறை முழுக்க ஏறும், செவ்வந்தி கொண்டு போனால் தட்டிலேயே வாடும். அவளுக்குப் பிடிக்காது போல என்று செவ்வந்தியை விட்டுவிட்டார்கள். மாமியார்கள் தங்கள் மருமகள்களை இழுத்து வந்து, "பாத்துக்க, பேசாமக் கொள்ளாம எத்தனை பேரத் தாங்குறா" என்று காட்டினார்கள். அதனால் ஊரின் மருமகள்கள் எல்லாருக்கும் அந்த அறை மேல் ஆத்திரம்.

ஆனால் அத்தனை பேருடைய ஆத்திரத்தையும் சேர்த்துப் பிழிந்தாலும் வேலுத்தாய்க்கு வந்ததில் ஒரு சொட்டு ஆகாது.

முதலில் சுருளி தானாக எழுந்து அங்கே போக ஆரம்பித்தான். தெருவைத் தாண்டத் தெரியாதவன், காதைப் பொத்திக்கொண்டு, சுவரோரமாகவே நடந்து, நேராகப் போய்ச் சேர்ந்தான். வேலுத்தாய்க்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் வீட்டுச் சோறு பாதி மிஞ்சியது. அப்புறம் அவன் தொண்டைக்குள் ஏதோ ஒரு மெட்டை முனக ஆரம்பித்தான், அவள் பாடாத மெட்டு. ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து வழக்கம்போல உள்ளங்கையை நீட்டினாள். அவன் பார்த்தான், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்ப் படுத்தான். நீட்டிய கை நீட்டியபடி நின்றது.

அவன் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்துக் காலரை மோந்து பார்த்தாள். அது அவளுக்குப் பழைய பழக்கம். புருஷன் மலைமேல் எஸ்டேட்டில் ஒருத்தியோடு தங்கிப்போவதற்கு முந்தைய மாசங்களில் வந்த பழக்கம். காலரில் மஞ்சள் மணத்தது.

"சக்களத்தி" என்றாள், சுவரைப் பார்த்து.

அன்றிலிருந்து அவளுக்கு அறையைத் தவிர வேறு நினைப்பில்லை. முறத்தில் நல்ல காயை எறிந்துவிட்டுப் பிளந்ததைச் சேர்த்தாள். நானும் தினம் மஞ்சள் தேய்த்துக் குளிக்கட்டுமா என்று யோசித்து, குளித்தும் பார்த்தாள், அவன் தும்மினான். டீச்சர் வழியில் பார்த்து, "அம்மா, சுருளி இன்னைக்குச் சிரிச்சாரு தெரியுமா!" என்று மலர்ந்து சொன்னபோது வேலுத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். சிரித்தானா? பால்குடி மறந்ததற்குப் பிறகு அவன் சிரித்து அவள் கேட்டதில்லையே.

பார்த்துவிடுவது என்று ஒருநாள் மத்தியானம் போனாள். சுருளி மெத்தைக் குழிவில் சாய்ந்து, புளியங்கொட்டைப் போர்வையை மார்புவரை இழுத்துக் கிடந்தான். இவள் கால் உள்ளே பட்டதுதான் தாமதம், தூணில் ஏறிக்கொண்டிருந்த குமிழிகள் பாதித் தண்ணீரில் அப்படியே நின்றன. நூல் விளக்கு தணிந்தது. மூச்சு அடங்கியது. அவள் உட்காரப் போன இடத்தில் மெத்தை பலகையாக இறுகிக் கிடந்தது. ஊரில் போகிற வருகிறவனுக்கெல்லாம் மடி கொடுக்கிறவள், பெற்றவளுக்கு ஒரு சாண் இடம் கொடுக்கவில்லை.

முகம் சிவந்து வெளியே வந்தாள். கதவு சாத்திக்கொண்டது. சாத்திய கதவுக்குப் பின்னால், குமிழிகள் மறுபடி கிளம்புகிற சத்தமும், அதற்கு மேலே, தடித்த, உடைந்த, ஆண்பிள்ளைச் சிரிப்பு ஒன்றும் கேட்டது.

வேலுத்தாய் கதவைத் தள்ளித் திறந்து, மெத்தையை மிதித்து ஏறி, சுவரிலிருந்த பட்டை ஒரே இழுப்பில் உருவி எடுத்துச் சுருட்டி அக்குளில் வைத்தாள். "எம்பட்டு. நான் கொண்டாந்தது" என்றாள்.

அத்தோடு அறை செத்துப்போனது. மெத்தை மெத்தையானது, சுவர் சுவரானது, கிட்டங்கியின் பழைய எலிவாடை திரும்பி வந்தது. இடுப்பை விட்டு இறங்கிய குழந்தை இடுப்பில் ஏறிக்கொண்டது. பரமன் கண்டக்டர் நடுரோட்டில் நின்று, பஞ்சு லாரியை மறித்து டிரைவரிடம் டிக்கெட் கேட்டார். சுருளி வீட்டுக்கு இழுத்து வரப்பட்டான். வேலுத்தாய் இரண்டு கையையும் நீட்டினாள். அவன் கைகளைத் தாண்டிப் போய், பட்டை வைத்துப் பூட்டிய தகரப் பெட்டியில் காதை ஒட்டிவைத்துக் கொஞ்ச நேரம் கேட்டான். உள்ளே ஒன்றும் கேட்கவில்லை போலும். பெட்டியின் விளிம்பில் நெற்றியை மோத ஆரம்பித்தான். அவள் குறுக்கே கையைக் கொடுத்தாள், மோந்து பார்க்கச் சொல்லிக் கெஞ்சினாள். அவன் அந்தக் கையின் மேலேயே மோதினான். ஏலக்காய் மணத்த கையில் ரத்தம் மணத்தது.

நெற்றியில் துணி கட்டி அவனைப் படுக்க வைத்தபின், விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆட்கள் வந்தார்கள். பிச்சையம்மா முன்னால், டீச்சர் பின்னால், வாசலில் பாதித் தெரு.

"பட்ட உருவிட்டு வந்துட்டியாம்ல?"

"எம்பட்டு மதினி."

"ஒம்பட்டுதான், யாரு இல்லேன்னா? வச்ச பட்டத் திரும்ப எடுத்தா என்ன அர்த்தம்னு தெரியுமாடி ஒனக்கு? உறவ அத்து விட்டாச்சுன்னு அர்த்தம். ஒருத்தியக் கூட்டியாந்துட்டு, இப்படி நாலு பேரக் கூட்டி ஒரு வார்த்தை சொல்லாம அத்துவிடுவியா? என்ன கொறை கண்ட அவகிட்ட?"

"யாரு, யாரக் கூட்டியாந்தா? என்ன பேசுற நீ?"

பிச்சையம்மா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டீகளா, இவளுக்கு நெசமாவே தெரியல." பிறகு வேலுத்தாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். "பட்டு வச்சது யாரு? நீயி. கெட்டிமேளம் கொட்டயில உள்ள நின்னது யாரு? ஒம்மகன். பூவு யாரு தலையில விழுந்துச்சு? ஊரே ஒன்னய மாமியாங்குது. நீ ஒருத்திதான்டி சக்களத்தின்னு அலையிற."

வேலுத்தாயின் குரல் தணிந்திருந்தாலும் சூடு குறையவில்லை. "அவ என்னய மதிக்கல மதினி. ஊருக்கெல்லாம் மடி. நான் போனா வெளக்கத் தணிச்சு, மூச்ச அடக்கி, வெறைச்சுக்கிறா."

"பின்ன? புதுசா வந்தவ மாமியா முன்னாடி காலை நீட்டி உக்காந்து சிரிப்பாளா? எந்திரிச்சு நின்னுருக்காடி கிறுக்கி! எம்மருமக ஒருநாள் அப்படி எந்திரிச்சு நின்னிருந்தா நான் கெடா வெட்டிப் பொங்க வச்சிருப்பேன்."

வாசலில் சிரித்தார்கள். வேலுத்தாய் சிரிக்கவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்தபடி, "எம்புள்ள என்னய மோந்து பாக்கல" என்றாள்.

சிரிப்பு நின்றது. பிச்சையம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இதுக்குத்தானா? எம்புள்ள எம்முகத்தப் பாத்துப் பேசி எத்தனை வருஷமாச்சு தெரியுமா. எல்லாருக்கும் அதுதான்டி. ஒனக்கு வராதுன்னு இருந்தோம், ஒனக்கும் வந்துருச்சு."

டீச்சர் மெதுவாகச் சொன்னார். "அம்மா, அந்த அறைக்குச் சுருளியைப் பத்தி எதுவும் தெரியாது. தானாத் தடவித் தடவிக் கண்டுபிடிச்சதுதான் எல்லாம். யாரும் எதுவும் சொல்லிக் குடுக்கலையே."

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் வேலுத்தாய் பட்டோடு போனாள். சுருளியைக் கூட்டிப் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, பட்டைச் சுவரில் போடாமல் தோளிலேயே போட்டுக்கொண்டு, செத்துக் கிடந்த அறையின் நடுவில் நின்று பேசினாள். வெளியே கோலமிருந்த இடத்தில் நின்ற டீச்சருக்கும் பிச்சையம்மாவுக்கும் அது கேட்டது.

"இந்தா பாரு. பால ஆத்திக் குடுக்கணும், சூடு பட்டா அப்புறம் மூணு நாளைக்கு டம்ளரையே தொடமாட்டான். எடது பக்கம் ஒருக்களிச்சாத்தான் தூக்கம் வரும். மழை வாரதுக்கு முன்னாடியே அவனுக்குத் தெரிஞ்சிரும், வெரலக் கடிப்பான், கடிக்க விடாத, துணியக் குடு. பின்னாலருந்து தொடக் கூடாது. தொட்டா முழு உள்ளங்கையாத் தொடணும், வெரல் நுனியால தொட்டா அவனுக்கு எறும்பு ஊறும். தீவாளிக்கு ரெண்டு நாள் முந்தியே கதவச் சாத்திக்க. அப்புறம்… நான் இல்லாத அன்னைக்கு அவன் என்னயத் தேடுவான். தேடாட்டி நல்லதுதான். தேடுனா ஏலக்காய்."

சுவரில் முத்து முத்தாக ஈரம் பொடித்தது. அன்று வெள்ளிக்கிழமை இல்லை.

"அழுதுக்கிட்டு நிக்காத. எனக்குப் பிடிக்காது. வெளக்கு வைக்கிற நேரம் அவன் எங்க வீட்டுல இருக்கணும். பகல் ஒனக்கு, ராத்திரி எனக்கு. சம்மதமா?"

பட்டை விரித்துச் சுவரில் போட்டாள். அரக்கு நிறம் மெல்ல எழும்பி அடங்கியது, எழும்பி அடங்கியது. தூணில் ஒரு குமிழி கிளம்பி, பாதி வழியில், அவள் நிற்பதைப் பார்த்து நின்றது. வேலுத்தாய் கால் கட்டைவிரலால் மெத்தையை அழுத்திப் பார்த்தாள். பலகை மாதிரி இறுகி இருந்தது. "ம்" என்று சொல்லிவிட்டு, முதுகை நிமிர்த்தி வெளியே வந்தாள்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில், நெற்றிக் கட்டோடு சுருளி சுவரோரமாக நடந்து வீடு வந்து சேர்ந்தான். அம்மாவின் கையை எடுத்து, கோயிலில் திருநீறு எடுக்கிறவன் மாதிரி ஒரே ஒருதரம் மோந்துவிட்டு, தட்டு முன்னால் போய் உட்கார்ந்தான். ஒருதரம்தான். அதற்கே அவள் ஒரு கரண்டி சோறு கூட வைத்தாள். இன்னொரு தரம் மோந்தால் என்னவாம் என்று அவளுக்கு எரியவும் செய்தது. பொறாமை எங்கும் போய்விடவில்லை. அதற்கு இப்போது ஒரு உறவுமுறை கிடைத்திருந்தது, அவ்வளவுதான்.

அதற்கடுத்த நாள் ஏலக்காய்க் கூடத்தில் வட்டம் கூடியது. பிச்சையம்மா தன் மருமகள் கரைத்த புளியின் லட்சணத்தைச் சொல்லி முடித்து, அடுத்தவள் ஆரம்பிக்க வாயெடுத்த நேரத்தில், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் வேலுத்தாய், "எம்மருமக இருக்காளே" என்றாள்.

கைகள் எல்லாம் நின்றன. காயொன்று யாருடைய முறத்திலிருந்தோ உருண்டு போயிற்று.

"ஏன், என்ன பண்ணுனா?" என்று பிச்சையம்மா கேட்டாள், மிகவும் ஜாக்கிரதையாக.

"என்ன பண்ணலங்குற? சட்டை பூரா மஞ்சக் கறை. தொவைச்சுத் தொவைச்சு எங்கை தேஞ்சுபோச்சு. வெள்ளிக்கிழம தலைக்கு ஊத்திட்டுத் தொவட்டாம அப்படியே ஈரத்தோட நிக்கிறா, எம்புள்ளைக்குச் சளி பிடிச்சிருக்கு. சொன்னா மூசுமூசுன்னு மூச்சு விடத்தான் தெரியும், வாயத் தொறந்து ஒரு பதில் கெடையாது. அழுத்தக்காரி!"

"அடியே, அதையாச்சும் விடு, எம்மருமக நேத்து…"

"இரு மதினி" என்றாள் வேலுத்தாய், முறத்தை மடியில் நன்றாக இழுத்து வைத்துக்கொண்டு. "நான் இன்னும் முடிக்கல."